லேடி ரோண்டா: கடல் விட்டுவைத்த பெண்

கப்பல் மூழ்கியும் பிழைத்து வந்த பணக்காரப் பெண் என்றதும் பலருக்கும் டைட்டானிக்தான் ஞாபகம் வரும். அதிலும் டென்வர் நகரத்து மார்கரெட் பிரவுன். மேடை நாடகமும் சினிமாவும் வந்து அவரை உலகமே அறியும். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் ரொம்ப நாளாக என் மனதில் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு மார்கரெட். 1915 மே 7 அன்று அயர்லாந்தின் தென்கரைக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பல் மூழ்கியபோது கடலில் மூன்று மணி நேரம் கிடந்து, இறந்துவிட்டார் என்று ஒதுக்கப்பட்டு, பிறகு கண்விழித்தவர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் செல்வத்துக்கு ஒரே வாரிசு. அன்றைக்கு அவரை லேடி மேக்வொர்த் என்பார்கள். பிற்காலத்தில் லேடி ரோண்டா.

அவரைப் பற்றிய சின்னச் சின்னக் குறிப்புகள் பெரும்பாலும் 'பிழைத்தார்' என்பதோடு முடிந்துபோகின்றன. அது எனக்குப் பொறுக்கவில்லை. பிழைத்த பிறகு அவர் 43 வருடம் வாழ்ந்தார். சொல்ல வேண்டிய கதை முக்கால்வாசி அந்த 43 வருடத்தில்தான் இருக்கிறது.

மார்கரெட் ஹெய்க் தாமஸ் 1883-ல் லண்டனில் பிறந்தார். வளர்ந்தது வேல்ஸின் நியூபோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில், லான்வெர்ன் என்ற ஊரில் இருந்த பெரிய வீட்டில். அப்பா டி. ஏ. தாமஸ் சுரங்க முதலாளி, லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும் கூட. ஊரே அவரை 'டி. ஏ.' என்றுதான் சொல்லும். வேறு பிள்ளைகள் இல்லை. ஆண் வாரிசு இல்லையே என்று அந்த மனிதர் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. வேலை, பணம், கணக்கு என்று எல்லாவற்றையும் மகளிடம் சமமாகப் பேசினார். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் பெண்பிள்ளைக்குக் கிடைக்காத விஷயம் இது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பள்ளிப் படிப்பு, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் சமர்வில் கல்லூரியில் கொஞ்ச நாள். கல்லூரி பிடிக்கவில்லை, திரும்பிவிட்டார்.

1908-ல் ஹம்ஃப்ரி மேக்வொர்த் என்பவரோடு கல்யாணம். அவர் நல்ல மனிதர், ஆனால் நரி வேட்டையே உலகம் என்று இருந்தவர். இருவருக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை மார்கரெட்டே தன் சுயசரிதையில் அழகாகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் பேச விரும்பும் அறையில் இன்னொருவர் படிக்கக் கூடாது என்பது கணவரின் கட்சி. ஒருவர் படிக்க விரும்பும் அறையில் இன்னொருவர் பேசக் கூடாது என்பது மனைவியின் கட்சி. இதைப் படித்த பிறகு அந்தத் திருமணம் ஏன் நிற்கவில்லை என்று நான் வேறு காரணம் தேடவே இல்லை.

அதே வருடம்தான் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் அமைப்பில் மார்கரெட் சேர்ந்தார். நியூபோர்ட் கிளையின் செயலாளர் ஆனார். கூட்டம் போட்டால் அழுகிய தக்காளி வரும், முட்டை வரும். அதெல்லாம் வாங்கிக்கொண்டு பேசினார். பிரதமர் ஆஸ்க்வித் காரில் போனபோது ஓடிப்போய் அதன் படியில் ஏறி நின்றார். 1913-ல் நியூபோர்ட்டின் ரிஸ்கா சாலையில் இருந்த தபால் பெட்டிக்குள் தீப்பிடிக்கும் ரசாயனத்தைப் போட்டார். லண்டனிலிருந்து ரயிலில் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுத் தோட்டத்தில் பழச்செடிகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்து எடுத்துப் போட்ட சரக்கு அது. போலீஸ் பிடித்தது. அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம். கட்ட மாட்டேன் என்றார். அஸ்க் சிறைக்கு ஒரு மாதத் தண்டனையில் போனார். உள்ளே போனதும் உண்ணாவிரதம். ஐந்து நாளில் விட்டுவிட்டார்கள்.

யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன, அதை நான் மறக்கவில்லை. அந்தச் செயலை முழுசாக ஆதரிக்க என் மனம் வரவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வீட்டுப் பெண், சில பவுண்டு அபராதத்தில் தப்பிக்க வழி இருந்தும் சிறைக்குள் நடந்து போனார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் தாண்டக் கூடாது. டி. ஏ. தாமஸ் ரோண்டா பள்ளத்தாக்குச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக இணைத்து 'கேம்பிரியன் கம்பைன்' என்ற பெரும் நிறுவனத்தைக் கட்டியவர். 1910-ல் அவருடைய ஒரு சுரங்கத்தில் புதிதாக வெட்ட எடுத்த நிலக்கரிப் படுகை கடினமானது. டன்னுக்கு இவ்வளவு என்று நிர்வாகம் சொன்ன கூலி கட்டாது என்றார்கள் தொழிலாளர்கள். நிர்வாகம் கதவைப் பூட்டியது. தகராறு பரவி ஏறத்தாழ 12,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கின் டோனிபாண்டி ஊரில் கலவரம். உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் லண்டன் போலீஸை அனுப்பினார், படையும் வந்தது. பத்து மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து, 1911-ல் நிர்வாகம் சொன்ன கூலிக்கே தொழிலாளர்கள் திரும்பப் போனார்கள். மார்கரெட் முதல் வகுப்பில் பயணம் செய்த சீட்டின் பின்னால் அந்தப் பத்து மாதமும் இருக்கிறது. அப்பாவை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. மகள் என்ற முறையில் அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது டோனிபாண்டியைத் தவிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1915 வசந்தத்தில் அப்பாவின் தொழில் விஷயமாக இருவரும் அமெரிக்கா போயிருந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பும் பயணம் மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து. அன்று காலைப் பத்திரிகையிலேயே ஜெர்மன் தூதரகத்தின் எச்சரிக்கை வந்திருந்தது: பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பலில் போர் மண்டலத்துக்குள் போகிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறார்கள் என்று. பயணிகள் அதைப் படித்தார்கள், பேசினார்கள், ஏறினார்கள். இவ்வளவு வேகமான, இவ்வளவு பெரிய கப்பலை யார் என்ன செய்துவிட முடியும் என்ற நம்பிக்கைதான்.

மே 7, மதியம் இரண்டு மணி. அப்பாவும் மகளும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு லிஃப்ட் அருகே வந்தார்கள். ஆபத்தான கடல் பகுதி, ஏதாவது பரபரப்பாக நடக்குமா பார்க்கலாம், இன்று ராத்திரி மேல்தளத்திலேயே இருப்போமா என்று டி. ஏ. கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை. அதற்குள் அடியில் எங்கோ மந்தமாக ஒரு வெடிச்சத்தம். இருவரும் லிஃப்டை விட்டுப் பின்வாங்கினார்கள். கப்பலில் மின்சாரம் நின்றபோது லிஃப்டுக்குள் இருந்தவர்கள் அங்கேயே அகப்பட்டார்கள். ஓரடி முன்னால் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் ஆனார்கள். மார்கரெட் படியேறி ஓடி, தன் அறையில் இருந்த மிதவை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார், அப்பாவுக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டார். தளத்துக்கு வந்தால் அப்பாவைக் காணவில்லை. கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இடப்பக்கப் படகுகள் கப்பலின் உடம்பிலேயே வந்து மோதின, வலப்பக்கப் படகுகள் எட்டாத தூரத்தில் தொங்கின. 48 படகுகள் இருந்தும் ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கியவை 6 மட்டுமே. கண்முன்னால் ஒரு படகு இறங்கும்போது ஒரு முனை சரிந்து, உள்ளே இருந்தவர்கள் பாதிப் பேர் கடலில் கொட்டினார்கள். மார்கரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட நின்றது கப்பலில் பழக்கமான ஓர் இளம் அமெரிக்கப் பெண். கப்பல் மூழ்குவதென்றால் எல்லாம் ஏற்பாடாக, ஒழுங்காக நடக்கும் என்று நினைத்திருந்தேனே என்றார் அந்தப் பெண். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் இந்த ஐந்து நிமிஷத்தில் நிறையவே கற்றுக்கொண்டுவிட்டேன் என்றார் மார்கரெட். சாகப்போகிற நேரத்திலும் இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் செய்த இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். தண்ணீரில் கால் சிக்கக் கூடாது என்று பாவாடையின் கொக்கியை அவிழ்த்து வைத்துக்கொண்டார். அவ்வளவு அமளியிலும் அந்த யோசனை வந்திருக்கிறது. குதிக்கத்தான் பயமாக இருந்தது. ரொம்ப உயரத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று தயங்கி நின்றார். பார்த்தால் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அடுத்த கணம் கப்பலோடு சேர்ந்து உள்ளே போனார். ஆழத்தில் எதிலாவது மாட்டிக்கொண்டு கப்பலோடு போய்விடுவோமோ என்பதுதான் அன்றைக்கு அவர் உணர்ந்த உச்சபட்சப் பயம். ஒரு கயிறு மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவும் செய்தது. அந்தத் தழும்பு வருடக்கணக்கில் போகவில்லை.

மேலே வந்தபோது கையில் ஒரு பலகை இருந்தது. சில அங்குல அகலம், இரண்டு மூன்றடி நீளம். சுற்றிலும் மனிதர்கள், படகுகள், கோழிக்கூண்டுகள், நாற்காலிகள், துடுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு மிதந்தன. பலகையின் மறுமுனையை மஞ்சள் மீசைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பலகை இரண்டு பேரைத் தாங்குவதே சந்தேகம். அவர் மெல்ல இந்தப் பக்கமாக நகர்ந்து வந்தார். உங்கள் முனைக்கே போங்கள் என்று மார்கரெட் சொன்னார். அவரும் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவரைக் காணவில்லை. வேறு எதற்காவது நீந்திப் போனாரா, கீழே போனாரா என்று மார்கரெட்டுக்குத் தெரியவில்லை. இதை அவர் மறைக்காமல் எழுதினார் என்பதற்காகவே அவருடைய மற்ற சொற்களையும் நான் நம்புகிறேன்.

குளிரில் அறிவு மங்கிக்கொண்டே வந்தது. நான் செத்துவிட்டேனா, இதுதான் சொர்க்கமா என்ற சந்தேகம்கூட வந்ததாம். ஒவ்வொரு மிதவை அங்கியிலும் சின்னதாக ஒரு குளோரோஃபார்ம் குப்பியைக் கட்டிவைத்தால் என்ன, முடியாதபோது முகர்ந்துவிட்டு நிம்மதியாகப் போகலாமே என்றும் யோசித்திருக்கிறார். அதற்குமேல் அவருக்கு நினைவில்லை.

மயங்கிக் கிடந்த உடம்புக்கு அடியில் எப்படியோ ஒரு பிரம்பு நாற்காலி வந்து அவரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் துடுப்புப் படகில் தேடி வந்தவர்களின் கண்ணில் பட்டது அந்த நாற்காலிதான். எடுத்துப்போய் புளூபெல் என்ற சிறு கப்பலில் போட்டார்கள். உயிரில்லை என்றே நினைத்தார்கள். ஓர் இளம் மாலுமிதான் இந்தப் பெண்ணிடம் கொஞ்சம் உயிர் இருக்கிற மாதிரி இருக்கிறது, முயன்று பாருங்கள் என்றார். கண் விழித்தபோது துணி எதுவும் இல்லாமல் போர்வைகளுக்கு நடுவே, பல் தந்தியடிக்கத் தளத்தில் கிடந்தார்.

குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயும் அதே கப்பலில் இருந்தார். லூசிடானியாவின் கேப்டன் டர்னரும் அதிலேதான் காப்பாற்றப்பட்டிருந்தார். கப்பலில் ஒழுங்கில்லை, அதனால்தான் என் பிள்ளை போனது என்று அந்தத் தாய் கேப்டனைப் பார்த்துச் சொன்னார். பித்துப் பிடித்துப் பேசுகிறாள் என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். அங்கே தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று மார்கரெட்டுக்குத் தோன்றியது. எனக்கும் அதே எண்ணம்தான்.

ராத்திரி குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் இறங்கினார்கள். இன்று அந்த ஊருக்கு கோவ் என்று பெயர். நடக்கத் தெம்பில்லாமல் இறங்குபலகையில் தவழ்ந்துதான் போனார். அந்தப் பக்கம் அப்பா காத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு படகு கிடைத்திருந்தது, அவருடைய செயலாளரும் பிழைத்திருந்தார். கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,960 பேரில் 1,190-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அடிபட்டதிலிருந்து மூழ்கி மறைந்தது வரை 18 நிமிஷம்தான்.

இங்கே பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகள் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர். அந்தக் கணக்கை வைத்து எல்லாக் கப்பல் விபத்திலும் பணம் காப்பாற்றும் என்று நினைத்துவிடுகிறோம். லூசிடானியாவில் அப்படி நடக்கவில்லை. மூன்று வகுப்பிலும் பிழைத்தவர்கள் ஏறத்தாழ ஒரே விகிதம், எல்லாமே நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே. டைட்டானிக் மூழ்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. யாரை முதலில் ஏற்றுவது, எந்தக் கதவைத் திறப்பது என்று முடிவு செய்ய நேரம் இருந்தது, அந்த முடிவுகளில் பணம் பேசியது. 18 நிமிஷத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை. அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட்டும் அன்று இறந்துபோனார். மார்கரெட்டைப் பிழைக்க வைத்தவை ஒரு பலகையும் ஒரு நாற்காலியும், ஓர் இளம் மாலுமியின் கண்ணும்தான்.

நிமோனியா வந்து படுத்துப் பல வாரம் கழித்து எழுந்தார். இந்த விபத்து தன்னை என்ன செய்தது என்று பிற்பாடு யோசித்து எழுதியிருக்கிறார். தண்ணீரைப் பற்றிய பயம் வந்தது, சாவைப் பற்றிய பயம் போனது. முக்கியமாக, தன்மீது இருந்த சந்தேகம் போனது. ஆபத்து என்று வந்தால் நான் ஒழுங்காக நடந்துகொள்வேனா என்று முன்பு கேட்டிருந்தால் பலத்த சந்தேகம்தான் என்று சொல்லியிருப்பாராம். சோதனை வந்தது, மானம் போகாமல் தேறிவிட்டேன் என்ற நிம்மதி பிறகு கூடவே இருந்தது. சிறைக்குப் போய் உண்ணாவிரதம் இருந்த பெண்ணுக்கு இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெளியே அவ்வளவு துணிச்சல், உள்ளே இவ்வளவு பயம். எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மடமடவென்று. போர்க்கால வேலைகளுக்குப் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பு முதலில் வேல்ஸில், 1918-ல் லண்டனில் தேசிய சேவை அமைச்சகத்தில். அப்பா உணவுக் கட்டுப்பாட்டு அமைச்சர் ஆகி, பிரிட்டன் முழுக்க ரேஷன் முறையைக் கொண்டுவந்து, உடம்பு ஓய்ந்து 1918 ஜூலை 3 அன்று இறந்தார். சாவதற்குச் சில நாள் முன்புதான் வைகவுண்ட் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம் கிடைத்திருந்தது. ஆண் பிள்ளை இல்லாததால், அந்தப் பட்டம் மகளுக்குப் போக வேண்டும் என்று அரசாணையிலேயே தனியாக எழுதி வாங்கியிருந்தார். லேடி மேக்வொர்த் அப்படித்தான் வைகவுண்டஸ் ரோண்டா ஆனார். பட்டத்தோடு சுரங்கம், கப்பல், பத்திரிகை என்று அப்பாவின் தொழில்களும் கைக்கு வந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இருந்தார். 1926-ல் பிரிட்டனின் இயக்குநர்கள் கழகத்துக்குத் தலைவர் ஆனார், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். கணவரோடு 1922-ல் விவாகரத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்துதான் எனக்கு வயிறு எரியும் பகுதி. வைகவுண்ட் பட்டம் உள்ள ஆண், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் போய் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போடலாம். அதே பட்டம் பெண்ணிடம் இருந்தால் உட்கார முடியாது. பெண் என்ற காரணத்தால் யாரையும் பொதுப் பதவியிலிருந்து விலக்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டி லேடி ரோண்டா மனுப் போட்டார். 1922 மார்ச்சில் சபையின் சிறப்புரிமைக் குழு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. பத்திரிகைகள் கொண்டாடின, வாழ்த்துக் கடிதங்கள் குவிந்தன.

சபைக்குத் தலைமை தாங்கிய சட்ட அமைச்சர், அதாவது லார்ட் சான்சலர், பர்கன்ஹெட் விடவில்லை. முடிவை ஏற்காமல் குழுவுக்கே திருப்பி அனுப்பச் செய்தார், ஆட்களைக் கூட்டிக் குழுவைப் பெரிதாக்கினார்கள். மே மாதம் அதே மனு பெரும்பான்மை ஓட்டில் தோற்றது. என்ன வாதம் தெரியுமா? சட்டம் தடையைத்தான் நீக்கும், இல்லாத உரிமையை உண்டாக்காது. பெண் பட்டக்காரருக்குச் சபையில் உட்காரும் உரிமை எப்போதுமே இருந்ததில்லை, ஆகவே நீக்குவதற்குத் தடையும் இல்லை. வக்கீல் மூளைக்கு இது சரியாகப் படலாம். எனக்கு இது பட்டப்பகலில் கதவைச் சாத்தியதாகத்தான் படுகிறது. முப்பது கம்பெனிகளை நடத்தத் தகுதி இருந்தது, போருக்கு ஆள் சேர்க்கத் தகுதி இருந்தது, தன் அப்பாவின் நாற்காலியில் உட்கார மட்டும் தகுதி இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1920 மே மாதமே 'டைம் அண்ட் டைட்' என்று ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். இயக்குநர் குழு முழுக்கப் பெண்கள். பெண்கள் பத்திரிகை என்றால் துணியும் சமையலும் என்றிருந்த காலத்தில் இது அரசியல், பொருளாதாரம், இலக்கியம், உலக விவகாரம் என்று போட்டது. 1926-லிருந்து அவரே ஆசிரியர். வர்ஜீனியா வுல்ஃப், ரெபெக்கா வெஸ்ட், பெர்னார்ட் ஷா, வெரா பிரிட்டன், ஜார்ஜ் ஆர்வெல் எல்லாரும் அதில் எழுதியவர்கள். வினிஃப்ரெட் ஹோல்ட்பி இளம் வயதிலேயே அதன் இயக்குநர்களில் ஒருவரானார்.

1921-ல் ஆறு கோரிக்கைகளை வைத்து ஓர் அமைப்பையும் தொடங்கினார். குழந்தைகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்கச் சட்டம், விதவைத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, மணமாகாத தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு, பிள்ளைமேல் தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை, ஆசிரியர்களுக்குச் சம ஊதியம், அரசுப் பணியில் சம வாய்ப்பு. இவற்றில் முதல் நான்கைப் பாருங்கள். கேட்டவர் பிள்ளை இல்லாத பெரும் பணக்காரர். அவருக்கு இவற்றால் ஒரு பைசா லாபமில்லை. 1918-ல் 30 வயதுப் பெண்களுக்குத்தான், அதிலும் சொத்து நிபந்தனையோடுதான், ஓட்டு கிடைத்தது. ஆண்களைப் போலவே 21 வயதில் வேண்டும் என்று கேட்ட போராட்டத்திலும் முன்னால் நின்றார். 1928-ல் அது கிடைத்தது.

பத்திரிகை ஒருநாளும் தன் காலில் நிற்கவில்லை. வருடாவருடம் விழுந்த நஷ்டத்தைத் தன் பணத்திலிருந்து ஈடுகட்டினார். போருக்குப் பின் நிலக்கரித் தொழில் சரிந்து, அப்பாவின் நிறுவனங்கள் ஆட்டம் கண்டபோதும் அதை விடவில்லை. போகப் போக அதன் அரசியல் வலதுபக்கம் சாய்ந்தது. அந்தக் கடைசி வருடங்களின் தலையங்கங்களோடு எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. ஆனால் கருத்து மாறினாலும் முப்பது நாற்பது வருடம் ஒரு பத்திரிகையை வாராவாரம் கொண்டுவந்தார் என்றால், அதில் இருக்கும் உழைப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தலையங்கம், அச்சு, எழுத்தாளர்களோடு சண்டை, கடன் எல்லாம் அவர் தலையில்தான். எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸின் முன்னாள் செயலாளர் தியோடோரா பொசான்கே 1933-லிருந்து கடைசிவரை அவரோடு சேர்ந்து வாழ்ந்தார். பத்திரிகையின் இலக்கியப் பகுதியைப் பல வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

பிரபுக்கள் சபை விவகாரத்தையும் அவர் விட்டுவிடவில்லை. வருடங்கள் போய்க்கொண்டே இருந்தன, கேட்டுக்கொண்டே இருந்தார். 1958 ஏப்ரல் 30 அன்று, வாரிசுக்குப் போகாமல் ஒருவரின் வாழ்நாளோடு முடியும் பட்டங்களைத் தரும் ஆயுட்காலப் பட்டச் சட்டம் நிறைவேறியது. அதன்படி பெண்களையும் சபைக்கு நியமிக்கலாம். அவர் ஜூலை 20 அன்று லண்டனில் இறந்தார். முதல் பெண் உறுப்பினர்கள் அக்டோபரில் சபைக்குள் போய் உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டமும் புதிதாக நியமிக்கப்படுகிறவர்களுக்குத்தான். பரம்பரைப் பட்டம் வைத்திருந்த பெண்களுக்கு, அதாவது லேடி ரோண்டா எந்த உரிமையைக் கேட்டாரோ அதற்கு, 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை, ஆகவே ரோண்டா வைகவுண்ட் பட்டம் ஐந்து வருடம் முன்பே அவரோடு முடிந்திருந்தது. கடலில் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தவரை, அந்தச் சபை முப்பத்தாறு வருடம் காக்க வைத்தே அனுப்பியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.